ஈரல்தின்னியின் இரண்டு கல்லறைகள்

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் யாராவது உருப்படியாக ஒன்று சொல்லிவிட்டால், பதில் எழுதச் சோம்பல்படுகிறவர்கள் ஒரு அசையும் படத்தைப் போட்டுவிட்டுப் போவோம். புதராகத் தாடி வளர்த்த ஒரு மனிதர். பின்னால் காடு. கேமரா மெல்ல அவர் முகத்தை நெருங்குகிறது. அவர் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டுகிறார், "சரிதான் தம்பி" என்பதுபோல. அநேகமாக நீங்களும் அனுப்பியிருப்பீர்கள்.

அது ஸாக் கலிஃபியனாகிஸ் என்ற குண்டு நகைச்சுவை நடிகர் என்றுதான் குழுவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரில் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டு இறந்தபோது ஆளாளுக்கு அந்தப் படத்தைப் பகிர ஆரம்பித்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தாடிக்காரர் ரெட்ஃபோர்டு. படம் 1972இல் வந்த 'ஜெரமையா ஜான்ஸன்'. "அடப்பாவி, இது அவரா!" என்று குழுவே வாயைப் பிளந்தது.

எனக்கு அது முன்பே தெரியும். அந்தப் படத்தில் வருகிற ஆள் நிஜத்தில் யாரோ, அவருடைய கல்லறை முன்னால் நான் நின்றிருக்கிறேன். குழுவில் சொல்லலாம் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்து, நாலு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை என்று அழித்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூன். டென்வரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் யெல்லோஸ்டோன் போவதாகத் திட்டம். டென்வரிலிருந்து வடக்கே கிளம்பி, காஸ்பர், தெர்மோபோலிஸ் வழியாகக் கோடி என்ற ஊர், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் பூங்கா. எட்டு மணி நேரக் கார்ப் பயணம். வயோமிங்கில் காஸ்பர் தாண்டினால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. புல், மேகம், கம்பிவேலி, மறுபடி புல். தங்கை முன்சீட்டில் தூங்கிவிட்டாள். பின்சீட்டில் பன்னிரண்டு வயது மருமகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓட்டிக்கொண்டிருந்த தங்கை வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

"மச்சான், கோடியில ஒரு ஆளைப் பார்க்கப் போறோம். ஈரல்தின்னி ஜான்ஸன்."

"யாரு மாப்பிள்ளை அது?"

"முந்நூறு பேரைக் கொன்னு ஈரலைத் தின்னவன்."

பின்சீட்டில் காதிலிருந்து கருவி கழன்றது.

மாப்பிள்ளைக்குக் கதை சொல்ல வரும். அவர் சொன்னபடியே சொல்கிறேன். 1840களில் ராக்கி மலைகளுக்கு ஒரு முரட்டு இளைஞன் வருகிறான். பெயர் ஜான்ஸன். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த தாடி. பீவர் என்ற நீர்விலங்கைத் தோலுக்காகப் பிடிக்கிற வேடன். ஃபிளாட்ஹெட் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளைக் கட்டிக்கொள்கிறான். அவள் பெயர் ஸ்வான், அன்னம். லிட்டில் ஸ்நேக் ஆற்றங்கரையில் ஒரு குடிசை. பனிக்காலத்தில் அவளைக் குடிசையில் விட்டுவிட்டுப் பொறி வைக்கக் கிளம்புகிறான். 1847 வசந்தத்தில் திரும்பி வந்தால் புகைபோக்கியில் புகை இல்லை. வாசலில் எலும்புகள். குரோ பழங்குடியினரின் வேலை. பெண்ணின் விலா எலும்புகளுக்கு இடையில் இன்னொரு சின்ன மண்டையோடு. அவள் கர்ப்பமாக இருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. எலும்புகளை ஒரு பாத்திரத்தில் எடுத்துப் பாறை இடுக்கில் வைத்துக் கல்லால் அடைக்கிறான். பிறகு குரோ வீரர்கள் ஒவ்வொருவராகச் செத்துக் கிடக்கிறார்கள். தலைத்தோல் உரிக்கப்பட்டு, வயிறு கிழிக்கப்பட்டு, ஈரல் இல்லாமல்.

ஈரல் ஏன்? ஈரல் போனால் மறுமை இல்லை என்பது அவர்கள் நம்பிக்கையாம். கதை சொல்கிற காரணம் அது. குரோ தலைவர்கள் கூடி இருபது மாவீரர்களைத் தேர்ந்தெடுத்து, தனித்தனியாகப் போய் அவனைக் கொன்றுவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார்கள். இருபது பேரும் திரும்பவில்லை. நடுவில் ஒரு முறை பிளாக்ஃபூட் கூட்டத்திடம் மாட்டிக்கொள்கிறான். குரோக்களிடம் நல்ல விலைக்கு விற்கலாம் என்று கட்டிப் போடுகிறார்கள். தோல்வாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு, காவல்காரனைக் கொன்று, அவன் காலையே வெட்டி எடுத்துக்கொண்டு பனியில் இருநூறு மைல் நடக்கிறான். வழிச் சாப்பாடு அதுதான். இப்படி இருபத்தைந்து வருஷம். கடைசியில் சமாதானம். "நீ எங்கள் சகோதரன்" என்கிறார்கள் குரோக்கள்.

மாப்பிள்ளை நிறுத்தினார். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. தங்கை எப்போது விழித்தாளோ, "குழந்தை இருக்கான், என்ன கதை இது" என்றாள். குழந்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"முந்நூறு, டிவைடட் பை இருபத்தஞ்சு. பன்னெண்டு. அப்போ மாசத்துக்கு ஒண்ணாப்பா?"

"ஆமா."

"மாசச் சந்தா மாதிரி" என்றான் பையன். எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும்தான். இதை எழுதும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் நெருடுகிறது.

நான் அந்தக் கதையில் விழுந்ததற்கு ஈரலும் ஒரு காரணம். பயத்துக்கும் பாசத்துக்கும் நாம் இதயத்தைவிட அதைத்தான் அதிகம் இழுக்கிறோம். ஈரக்குலை நடுங்கியது என்கிறோம். பெற்ற வயிறு எரிந்தால் ஈரல் கருகிப்போச்சு என்கிறோம். "ஈரல்தின்னி" என்றதும் நமக்கு உள்ளே ஏதோ ஆடத்தான் செய்யும்.

கோடி ஊரின் மேற்கு ஓரத்தில் 'ஓல்டு டிரெயில் டவுன்' என்று ஒரு இடம் இருக்கிறது. வயோமிங், மொன்டானாவில் எங்கெங்கோ கிடந்த பழைய மரவீடுகளைக் கட்டை கட்டையாகக் கழற்றிக்கொண்டு வந்து, இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் தெரு விட்டிருக்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் ஒளிந்திருந்த வீடு, சாராயக்கடை, கடிகாரம் நின்றுபோன கடை. தெருவில் சக்கரம் உடைந்த வண்டிகள். கடைக்கோடியில் சின்னக் கல்லறைத் தோட்டம். அங்கேதான் அவர். குதிரைமேல் ஒரு மலைவேடனின் வெண்கலச் சிலை, கீழே கல். கல்லில் உள்ள பெயரில் 'ஜெரமையா' இருக்கிறது, 'லிவர்-ஈட்டிங்' இருக்கிறது, 'ஜான்ஸ்டன்' இருக்கிறது.

இந்தக் கல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஜெரமையா என்பது சினிமா வைத்த பெயர். மனிதரின் பெயர் ஜான். அதாவது, கதாபாத்திரத்தின் பெயரைக் கொண்டுவந்து பிணத்துக்கு வைத்திருக்கிறார்கள். அப்புறம் அந்த 'ட்'. சினிமாவிலும் புத்தகத்திலும் ஜான்ஸன். ராணுவப் பதிவேட்டில் ஜான்ஸ்டன். இந்த ஓர் எழுத்து எனக்குப் பின்னால் ரொம்ப உதவியாக இருந்தது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்: கதையில் வருகிறவன் ஜான்ஸன், அவன். பதிவேட்டில் இருப்பவர் ஜான்ஸ்டன், அவர்.

கல்லறை அங்கே வந்த கதை தனிக்கதை. ஜான்ஸ்டன் இறந்தது 1900 ஜனவரி 21ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், முன்னாள் சிப்பாய்களுக்கான அரசு இல்லத்தில். அங்கேயே ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். எல்லாச் சிப்பாய்க்கும் வைக்கிற அதே வெள்ளைக்கல்: பெயர், படைப்பிரிவு, அவ்வளவுதான். முக்கால் நூற்றாண்டு யாரும் சீண்டவில்லை. பக்கத்தில் பெரிய நெடுஞ்சாலை வந்தது. 1972இல் படம் வந்தது. கலிஃபோர்னியாவில் லங்காஸ்டர் என்ற ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர், தங்கள் ஆசிரியரோடு சேர்ந்து இந்த ஆளைப் பற்றிப் படிக்கிறார்கள். மலையிலேயே வாழ்ந்த மனிதன், இப்படிக் கார் இரைச்சலில் கிடக்கலாமா என்று அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அரசுக்குக் கடிதம் மேல் கடிதம். அரசும் இறங்கி வந்தது. 1974 ஜூன் 8ஆம் தேதி கோடியில் மறு அடக்கம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் கூட்டம். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் ராபர்ட் ரெட்ஃபோர்டு.

ஜான்ஸனாக நடித்தவர் ஜான்ஸ்டனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார். நடித்த ஆளுக்கே கொள்ளிக்குடம் தூக்குகிற பாத்திரமும் கிடைத்தது என்று அன்றைக்கு ராத்திரி விடுதியில் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் கோடி ஏன்? இது அவருடைய ஊரே கிடையாது. அந்த ஊர் உருவானதே 1890களின் பாதியில். அப்போது அவருக்கு எழுபது வயது. அவர் கடைசியாகக் குடியிருந்த ஊர் ரெட் லாட்ஜ். கோடியிலிருந்து அறுபது மைல் வடக்கே, மொன்டானாவில். "எங்க ஊர்க்காரர், எங்களிடம் கொடுங்கள்" என்று அவர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. எலும்பு இருக்கிற ஊருக்குத்தானே சுற்றுலா வண்டி வரும். பிள்ளைகளின் மனசைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களைப் பற்றி என் கருத்து வேறு.

சென்னைக்குத் திரும்பி வந்த பிறகுதான் நான் ஜான்ஸ்டனைத் தேட ஆரம்பித்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்கு இப்படிப்பட்ட வேலைகள்தான். தேடத் தேட ஜான்ஸன் கரைந்துகொண்டே போனான்.

நியூ ஜெர்ஸியில் 1824 வாக்கில் பிறந்தவர் ஜான்ஸ்டன். இளம் வயதில் கப்பல் வேலைக்குப் போனதாகவும், அதிகாரி ஒருவரை அடித்துவிட்டு ஓடிவந்து பெயரை மாற்றிக்கொண்டதாகவும் சொல்வார்கள். உறுதியாகக் கையில் கிடைக்கிற காகிதம் 1864 ஆண்டினது. அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்கின் பக்கம், இரண்டாம் கொலராடோ குதிரைப்படை, ஹெச் கம்பெனி. மிசௌரியில் நியூட்டோனியா சண்டையில் காயம், 1865இல் விடுவிப்பு. இதைத் தவிர 1860களிலிருந்து மொன்டானா பக்கம் தென்படுகிறார். தங்கம் தேடினார், பொறி வைத்தார், ஓநாய்த்தோல் எடுத்தார், திருட்டுச் சாராயம் விற்றார். 1847இல் லிட்டில் ஸ்நேக் ஆற்றங்கரையில் எந்தக் குடிசையும் இல்லை. ஸ்வான் என்று எந்த மனைவியும் இல்லை. விலாவுக்குள் இருந்த அந்தச் சின்ன மண்டையோடும் இல்லை.

அப்போது ஈரல்?

ஈரல் இருந்தது. அதுதான் எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. கதையிலேயே நம்ப முடியாத பகுதிக்குத்தான் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. நம்பத் தோன்றுகிற பகுதிக்கு ஆதாரமே இல்லை.

போருக்குப் பிறகு ஜான்ஸ்டன் மிசௌரி ஆற்றங்கரையில் விறகு வெட்டினார். கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் அந்தத் தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மொன்டானாவின் தங்கவயல்களுக்கு ஆளும் மாவும் சாராயமும் போனது ஆற்றில், நீராவிப் படகில். படகின் கொதிகலனுக்கு விறகு வேண்டும், மலைமலையாக. எதிர்நீச்சல் போட்டு வருகிற படகு அதைச் சுமந்துகொண்டு வர முடியாது. அதனால் கரை நெடுக விறகு அடுக்கிவைத்துக் காத்திருக்கிறவர்கள் வேண்டும். ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்களை வெட்டுவார்கள். படகு வந்தால் காசு. வராத நாட்களில் நாலைந்து பேர், ஒரு குடிசை, துப்பாக்கி. அவர்கள் வெட்டுகிற மரமும் நிற்கிற கரையும் யாருடையவோ அவர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். ஆற்றில் படகு வந்தால் எருமைக்கூட்டம் போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விறகுவெட்டிகள் அடிக்கடி செத்தார்கள்.

1869 வாக்கில், மஸ்ஸல்ஷெல் ஆறு மிசௌரியோடு சேருகிற இடத்தில் ஒரு சண்டை. வந்தவர்கள் சூ பழங்குடியினர். குரோ அல்ல. விறகுவெட்டிகளும் வேடர்களும் அவர்களை ஓர் ஓடைப் பள்ளத்தில் மடக்கிவிட்டார்கள். முப்பது பேர் வரை செத்தார்கள் என்கிறார்கள். அந்தச் சண்டையில் ஜான்ஸ்டன் ஒருவரைக் கத்தியால் குத்தி இழுத்தபோது கத்தியோடு ஈரல் துண்டு வந்தது. பக்கத்தில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு நின்றவரிடம், "வேணுமா ஒரு துண்டு?" என்று நீட்டித் தானும் தின்பதுபோலப் பாவனை செய்தார். பின்னாளில் அவரே சொன்ன கணக்கு இப்படித்தான் போகிறது. தின்னவில்லை, தின்பதுபோல் செய்தேன். சுற்றி நின்றவர்கள் தின்றதாகவே சொன்னார்கள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

எருமை வேட்டை முடிந்ததும் சுடச்சுடப் பச்சை ஈரலைப் பித்தம் தொட்டுத் தின்பது அந்தச் சமவெளி முழுக்க வழக்கம். பூர்வகுடிகளும் தின்றார்கள், அவர்களிடம் பழகிய வெள்ளையர்களும் தின்றார்கள். அந்த நாக்குக்குத்தான் அந்தக் கேலி. செத்தவனை எருமையாக்குகிற கேலி.

இன்னொரு காட்சி இருக்கிறது. இதை என்னால் மறக்க முடியவில்லை. பழைய நூல் ஒன்றில் பதிவாகியிருப்பது. மஸ்ஸல்ஷெல் படகுத்துறையில் கரையோரமாக வரிசையாகக் கழிகள் நட்டிருக்கின்றன. ஒவ்வொரு கழியின் உச்சியிலும் வெளுத்த மண்டையோடு. பக்கத்தில் காவல்காரர்போல ஒருவர் ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கிறார். ஒரு காலில் கட்டு. வெயிலுக்காக மற்ற துணியை எல்லாம் கழற்றிவிட்டு, சுருங்கிப்போன சிவப்பு உள்சட்டை ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார்; அது இடுப்புக்குச் சற்றுக் கீழே வரைதான் எட்டுகிறது. தாடி காற்றில் பறக்கிறது. ஈரல்தின்னி.

பழிவாங்கப் புறப்பட்டவனின் தோற்றமா இது? எனக்கு அப்படித் தெரியவில்லை. விறகுக் கடைக்கு முன்னால் மண்டையோடு நட்டுவைத்துவிட்டு, படகு எப்போது வரும் என்று நிற்கிற வியாபாரி. அரை நிர்வாணம், புண், புழுக்கம். மனைவியை இழந்தவன் அங்கே எங்கும் இல்லை.

குரோக்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் தங்களை அப்சாலுகே என்று அழைத்துக்கொள்வார்கள்: பெரிய அலகுப் பறவையின் பிள்ளைகள். வெள்ளைக்காரர்கள் அதைக் காகமாக்கிவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் அவர்கள் சில ஆயிரம் பேர்தான். கிழக்கே சூ, வடக்கே பிளாக்ஃபூட், நடுவில் அம்மை நோய். அப்படிப்பட்ட கூட்டத்தில் முந்நூறு வீரர்களை ஒரு தனி ஆள் கொன்றிருந்தால், அது அவர்கள் வாய்வழிக் கதையில் கொள்ளைநோய் மாதிரி நின்றிருக்க வேண்டும். உண்மையில் அவர்கள் அமெரிக்க அரசோடு கூட்டு வைத்துக்கொண்டவர்கள். வெள்ளையர் மேல் பிரியத்தால் அல்ல. மண்ணைக் காப்பாற்ற அந்த ஒரு வழிதான் தெரிந்தது என்று அவர்களுடைய தலைவர் பிளென்டி கூஸ் பின்னால் சொன்னார். 1876இல் சூ, சேயன் பழங்குடியினரிடம் தோற்றுச் செத்த அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படைக்கு வழிகாட்டியவர்களில் ஆறு பேர் குரோக்கள். அந்தக் கூட்டு என்ன கொடுத்தது என்றால், 1851 ஒப்பந்தத்தில் 3.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1868இல் 80 லட்சம் ஏக்கராகியது. இன்றைக்கு 23 லட்சம் ஏக்கர் பக்கம். அதிலும் நிறைய கைமாறிவிட்டது.

கஸ்டர் செத்த கோடைக்கு அடுத்து வந்த பனிக்காலத்தில் ஜான்ஸ்டன், அமெரிக்கப் படையின் ஜெனரல் மைல்ஸிடம் ஒற்றராக இருந்தார். 1877 ஜனவரியில் வுல்ஃப் மவுன்டன் சண்டைக்கு முந்தைய நாள், சேயன் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்த ஒற்றர் குழுவில் அவரும் உண்டு. குரோக்கள் இருந்ததும் அதே தரப்பில்தான். அடுத்து 1884. ஹார்ட்விக் என்பவர், வெள்ளையர்-பூர்வகுடிச் சண்டைகளை மேடையில் நடித்துக் காட்டுகிற ஒரு 'வைல்டு வெஸ்ட்' காட்சிக் குழு கட்டுகிறார். ஆண் உடையில் திரிந்து பேர் வாங்கிய கலாமிட்டி ஜேன் இருக்கிறாள், நம் ஜான்ஸ்டன் இருக்கிறார், குரோ மக்கள் சிலரும் இருக்கிறார்கள். ஊர் ஊராகக் கூடாரம். ஆண்டு முடிவதற்குள் குழு நொடித்துப்போனது.

அந்தக் கூடாரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சம்பளம் வராத ஒரு நாள், மழையில், மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் ஈரல்தின்னியும் குரோ ஆட்களும் ஒரே நெருப்பில் காப்பி போட்டுக் குடித்திருப்பார்கள். அடுத்த காட்சியில் ஒருவரை ஒருவர் சுட வேண்டும். இது என் கற்பனைதான்.

மற்றபடி முதுமையெல்லாம் அடக்கமாகப் போனது. பில்லிங்ஸ் பக்கத்துக் கூல்ஸன் என்ற ஊரில் துணை ஷெரிஃப். பிறகு ரெட் லாட்ஜில் காவலர். அது நிலக்கரி ஊர்; சனிக்கிழமை சம்பளம், ராத்திரி அடிதடி. கிழவர் துப்பாக்கி எடுக்காமல் இரண்டு குடிகாரர்களின் தலையைப் பிடித்து மோதிவிடுவாராம். வாதம் முடக்கியதும் 1899 கடைசியில் ரயில் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் போனார். ஒரு மாதத்துக்குள் போய்ச்சேர்ந்தார்.

அப்புறம் கதையை எழுதியது யார்? 1958இல் ரேமண்ட் தார்ப், ராபர்ட் பங்கர் என்று இரண்டு பேர் 'குரோ கில்லர்' என்ற புத்தகத்தைப் போட்டார்கள். போட்டது ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம், அதனால் வரலாறு மாதிரி ஒரு தோரணை. அவர்களுக்கு மூலம், ஒரு கிழவர் இளமையில் இன்னொரு வேடரிடம் கேட்டது. ஸ்வான், முந்நூறு, இருபது வீரர்கள், வெட்டி எடுத்த கால், எல்லாம் அதில்தான் முழு உருவம் பெறுகின்றன. 1965இல் வார்டிஸ் ஃபிஷர் நாவலாக்கினார். இரண்டையும் சேர்த்து ஜான் மிலியஸ் திரைக்கதை எழுத, சிட்னி பொல்லாக் படம் எடுத்தார். ரெட்ஃபோர்டின் அழகான முகத்தில் ஈரல் ஒட்டாது என்பதால் படத்தில் ஈரல் இல்லை. பனி இருக்கிறது, மௌனம் இருக்கிறது, மனைவி இருக்கிறாள், அவள் சாகிறாள்.

மனைவி இல்லாமல் இந்தக் கதை ஓடாது. இதுதான் நான் பல ராத்திரி படித்துக் கண்டுகொண்ட ஒரே விஷயம். விறகுக்காரன் ஒருவன் பிறர் மண்ணில் மரம் வெட்டி, தடுக்க வந்தவனைக் குத்தி, பிணத்தை வைத்துக் கேலி செய்தான் என்றால் யாரும் பாப்கார்ன் வாங்க மாட்டார்கள். ஒரு அன்னத்தைக் கொண்டுவந்து கொன்றுவிட்டால் கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் அவன் எத்தனை பேரைக் கொன்றாலும் நாம் அவன் பக்கம். அவள் வயிற்றில் குழந்தையையும் வைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. நம்ம ஊர்ப் படங்களில் இடைவேளைக்கு முன்னால் தங்கச்சி சாவதும் இதே கணக்குதான். நான் அதற்கெல்லாம் விசில் அடித்து வளர்ந்தவன்.

கணக்கு நேராக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் கடன்காரன் ஒருவன் வேண்டும். அந்த இடத்தில் குரோக்களை எழுதிவிட்டார்கள். அவரோடு சண்டையே போடாதவர்கள், அவரோடு ஒரே பக்கம் சவாரி செய்தவர்கள், ஒரே கூடாரத்தில் சம்பளம் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் செய்யாத ஒரு கொலைக்காக, புத்தகத்திலும் திரையிலும் முந்நூறு முறை சாகிறார்கள். கடைசியில் மன்னித்து, "சகோதரா" என்று வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் அந்தப் பயணத்தில் நான் அறிந்திருக்கவில்லை. யெல்லோஸ்டோன் முடித்து வடகிழக்கு வாசல் வழியாக வெளியே வந்து, பேர்டூத் கணவாயில் ஜூன் மாதத்திலும் சுவர்போல நின்ற பனியைக் கையால் தொட்டுப் பார்த்து, ரெட் லாட்ஜில் இறங்கினோம். அங்கே அவர் இருந்த மரக்குடிசையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரொம்பச் சின்னது. நம்ம ஊர் டீக்கடைக்குப் பின்னால் விறகு போட்டுவைக்கிற கொட்டகை அளவு. மருமகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். ஆறடி ஆள் படுத்தால் கால் எங்கே போகும் என்பது அவன் கவலை.

திரும்பும் வழி பில்லிங்ஸ், பிறகு தெற்கே குரோ மக்களின் ஒதுக்கீட்டு நிலம். நெடுஞ்சாலை அதன் நடுவில்தான் போகிறது. கஸ்டர் செத்த மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சாப்பிட நிறுத்தினோம். எண்ணெயில் பொரித்த உப்பலான ரொட்டிமேல் பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் கொடுத்தார்கள். சோலாப்பூரியின் பெரியண்ணன் மாதிரி இருந்தது. கல்லாவில் அந்த ஊர் அம்மா ஒருவர். மருமகனுக்குக் கூடுதலாகத் தேன் வைத்துக்கொடுத்தார்.

வெளியே வந்து காரில் ஏறும்போது பையன் என் கையைச் சுரண்டினான்.

"மாமா, அவங்கதானே குரோ?"

"ஆமாடா."

"அப்போ அவங்க தாத்தாவோட ஈரலையா..."

"உள்ள உட்காரு" என்றேன்.

"இல்ல மாமா, அவங்க கிட்ட யாராவது கேட்டாங்களா? இப்படி நடந்துச்சான்னு?"

"டேய், அம்மா காத்துக்கிட்டு இருக்கா" என்று கதவைச் சாத்தினேன். முந்தைய நாலு நாளாக அந்தக் கதையை வண்டிக்குள் வைத்து நாங்கள் ரசித்துச் சுவைத்தது, கல்லாவில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று அபத்தமாக ஒரு கூச்சம். பையனுக்கு அப்போது என்ன வயது? ஏழாம் வகுப்புக்குப் போக இருந்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இதை எழுதுவதற்காகக் கைபேசியில் பழைய படங்களைத் தேடினேன். கோடியில் எடுத்தவை நாற்பது இருக்கும். சிலை, கல், சிலைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, கல்லுக்குப் பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு, கத்தியால் குத்துவதுபோல் மருமகன். தள்ளிக்கொண்டே போனபோது அதே தெருவில் இருக்கிற இன்னொரு மரவீட்டின் படம் ஒன்று வந்தது. எடுத்த நினைவே இல்லை. கஸ்டருக்கு வழிகாட்டிய ஆறு குரோக்களில் ஒருவர் கர்லி. 1923 வரை இருந்தவர். அவருடைய வீட்டையும் கழற்றிக் கொண்டுவந்து ஈரல்தின்னியின் கல்லறை இருக்கிற அதே தோட்டத்தெருவில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தாண்டித்தான் கல்லறைக்கு ஓடியிருக்கிறோம்.

படம் கலங்கலாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வாசல் பலகையில் கர்லி என்ற பெயர் தெரிகிறது. அதற்குக் கீழே எழுதியிருப்பதை மருமகன் தூக்கிக் குடிக்கிற தண்ணீர் பாட்டில் மறைத்திருக்கிறது.